நிற்காத இருமல், இறங்காத உணவு: காரணத்தைக் கண்டுபிடிப்பதும் சிகிச்சையும்

இருமல் தொடங்கி இரண்டு மாதம் ஆகிறது. எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை. மூன்று வகை சிரப்பும் இரண்டு சுற்று ஆன்டிபயாட்டிக்கும் முடிந்தாயிற்று. இன்னொருவருக்குத் தண்ணீர் குடித்தாலே புரையேறுகிறது. "மெதுவாகக் குடி" என்பதோடு வீட்டில் பேச்சு முடிந்துவிடுகிறது. தனித்தனியாகத் தோன்றும் இந்த இரு தொல்லைகளும் நடப்பது ஒரே இடத்தில், பெரும்பாலும் வேகஸ் என்ற ஒரே நரம்பின் ஆளுகையில். அதனால்தான் நுரையீரல், காது-மூக்கு-தொண்டை, இரைப்பைக் குடல், நரம்பியல் என நான்கு துறைகளுக்கிடையே நோயாளி அலைய நேர்கிறது. ஒவ்வொரு துறையும் தன் பங்கைப் பார்த்து "இங்கே கோளாறில்லை" என்று அனுப்பிவிடும்.

இருமலின் சத்தத்துக்கும் அதன் ஆபத்துக்கும் நேர்த்தொடர்பு கிடையாது. நாளெல்லாம் இருமுகிறவரின் நுரையீரல் சுத்தமாக இருக்கலாம். இருமவே இருமாமல் சாப்பிடுகிறவரின் நுரையீரலுக்குள் ஒவ்வொரு வேளையும் உணவு இறங்கிக்கொண்டிருக்கலாம்.

## ஒரு மிடறு விழுங்கும்போது நடப்பது

தொண்டை ஒரு நாற்சந்தி. மேலே மூக்கும் வாயும், கீழே முன்பக்கம் மூச்சுக்குழாய், பின்பக்கம் உணவுக்குழாய். ஒவ்வொரு மிடறுக்கும் மூச்சின் வழியை அடைத்து உணவின் வழியைத் திறக்க வேண்டும்.

1. வாய்க் கட்டம்: உணவு மென்று, எச்சிலோடு கலந்து, உருண்டையாகி நாக்கால் பின்னுக்குத் தள்ளப்படுகிறது. இது நம் விருப்பத்தின் கீழ் நடப்பது.
2. தொண்டைக் கட்டம்: ஏறத்தாழ ஒரு நொடியில் முடிந்துவிடும். அண்ணத்தின் மென்பகுதி உயர்ந்து மூக்கின் வழியை அடைக்கும். குரல்வளை மேலும் முன்னுமாக நகரும். குரல்நாண்கள் ஒட்டிக்கொள்ளும், குரல்வளை மூடி கவிழும், மூச்சு கணநேரம் நிற்கும். குரல்வளை முன்னால் நகரும் அதே இழுப்பில்தான் உணவுக்குழாயின் மேல்வாய்த் தசை திறக்கிறது.
3. உணவுக்குழாய்க் கட்டம்: சுமார் 25 செ.மீ. நீளமுள்ள குழாயில் சுருக்க அலை ஒன்று 8 முதல் 10 நொடியில் உணவை இரைப்பைக்குள் சேர்க்கும். கீழ்வாய்த் தசை உரிய நேரத்தில் தளர்ந்து வழிவிட வேண்டும்.

மிடறு முடிந்ததும் பெரும்பாலும் மூச்சு வெளியே போகும், உள்ளே இழுக்கப்படுவதில்லை. குரல்வளை வாசலில் ஏதேனும் தங்கியிருந்தால் அதை வெளியே ஊதித் தள்ள இந்த ஒழுங்கு உதவுகிறது. மூச்சு வாங்கியபடி சாப்பிடும் நாள்பட்ட நுரையீரல் நோயாளிகளுக்கு அடிக்கடி புரையேறுவதற்கு ஒரு காரணம், இந்த ஒழுங்கு அவர்களுக்குக் குலைந்திருப்பதுதான்.

குரல்நாண்களுக்குக் கீழே உணவோ நீரோ எச்சிலோ இறங்குவதை மருத்துவர்கள் ஆஸ்பிரேஷன் என்கிறார்கள். அப்படி இறங்கியும் இருமலே வராவிட்டால் அது மௌன ஆஸ்பிரேஷன். குரல்வளையின் உட்பரப்பிலிருந்து உணர்வைக் கொண்டுபோகும் வேகஸ் நரம்பின் கிளை மழுங்கிப்போனால் இப்படி நேரும். பக்கவாதம், பார்க்கின்சன் நோய், தலை-கழுத்துப் புற்றுநோய்க்கான கதிர்வீச்சு, நீண்ட நாள் வென்டிலேட்டர் குழாய் ஆகியவற்றுக்குப் பிறகு இது அதிகம். அதே உணர்வு வழி மிகையாகக் கூர்மையடைந்தால் நடப்பது இதற்கு நேர்மாறு: பேசினாலும் சிரித்தாலும் குளிர்காற்று பட்டாலும் இருமல்.

## எந்தக் கேள்வி எதைக் காட்டிக்கொடுக்கும்

ஸ்கேனுக்கு எழுதிக் கொடுப்பதற்கு முன் பத்து நிமிடம் ஒழுங்காகக் கேட்டாலே பாதி வழி தெளிந்துவிடும்.

1. இருமல் எப்போது வருகிறது? விழுங்கும் நொடியில் அல்லது அடுத்த சில நொடிகளில் வந்தால் சந்தேகம் தொண்டைக் கட்டத்தின் மேல். சாப்பிட்டுச் சிறிது நேரம் கழித்தோ குனியும்போதோ வந்தால் எதுக்களிப்பைப் பார்க்க வேண்டும். சாப்பாட்டோடு தொடர்பே இல்லாமல் பேச்சு, சிரிப்பு, வாசனைத் திரவியம் ஆகியவற்றால் தூண்டப்பட்டால் கூர்மையடைந்த நரம்பை நினைக்கலாம். இரவில் இளைப்போடு வந்தால் ஆஸ்துமா.
2. சிக்குவது திடமா, திரவமா? முதலில் ரொட்டி, இறைச்சி, பிறகு மென்மையான உணவு, கடைசியில் தண்ணீர் என்று வாரக்கணக்கில் முற்றினால் குழாய் குறுகிக்கொண்டே வருகிறது என்று பொருள். புற்றுநோய் இல்லை என்று உறுதிசெய்யும்வரை அதுதான் முதல் சந்தேகம். தொடக்கத்திலிருந்தே திடமும் திரவமும் இரண்டும் நின்றால் குழாயின் அசைவில் கோளாறு. எப்போதோ ஒருமுறை, பெரிய இறைச்சித் துண்டு மட்டும் சிக்கிக்கொண்டால் குழாயின் அடியில் உள்ள சவ்வு வளையமோ இயோசினோபில் (ஒவ்வாமையில் பெருகும் ஒருவகை ரத்த வெள்ளணு) அழற்சியோ காரணமாகலாம். தண்ணீருக்கு மட்டும் புரையேறினால் நரம்பு சார்ந்த கோளாறு.
3. எங்கே நிற்கிறது? இதில் பலர் ஏமாறுகிறார்கள். நெஞ்சுப் பகுதியைக் காட்டினால் அடைப்பு பெரும்பாலும் அங்கேதான். கழுத்தைக் காட்டினால் நம்ப முடியாது. குழாயின் அடிமுனையில் உள்ள அடைப்பையும் கழுத்தில் உணர்பவர்கள் உண்டு. "தொண்டையில்தான் இருக்கிறது" என்ற சொல்லை நம்பித் தொண்டையை மட்டும் பார்த்து அனுப்பினால் அடிமுனைக் கட்டி தப்பிவிடும்.
4. விழுங்கும்போது வலி இருக்கிறதா? அது புண். டாக்ஸிசைக்ளின், எலும்புத் தேய்வுக்கான பிஸ்பாஸ்போனேட், பொட்டாசியம் குளோரைடு மாத்திரைகளைக் குறைந்த தண்ணீரோடு விழுங்கி உடனே படுத்துக்கொள்பவர்களுக்குக் குழாயின் நடுப்பகுதியில் புண் வருவது வழக்கமான நிகழ்வு.
5. மணிக்கணக்கில் கழித்து, செரிக்காத உணவு வாய்க்குத் திரும்புகிறதா? வாய் நாற்றமும் கழுத்தில் களகளவென்ற ஒலியும் சேர்ந்தால் தொண்டையின் பின்சுவரில் பை உருவாகியிருக்கலாம். அதற்குச் சென்கர் பை என்று பெயர்.

எந்தக் கேள்விக்கும் காத்திராமல் உடனே ஆராய வேண்டிய அறிகுறிகள் தனி: சளியில் ரத்தம், காரணமில்லாத எடைக் குறைவு, விடாத காய்ச்சல், இரவு வியர்வை, மூன்று வாரத்துக்கு மேல் குரல் கம்மல், திரும்பத் திரும்ப நிமோனியா, முற்றிக்கொண்டே வரும் அடைப்பு, கழுத்தில் கட்டி, நெடுங்காலம் புகைத்தவரின் இருமல் தன்மை மாறுவது. எச்சிலைக்கூட விழுங்க முடியாமல் வழியவிடுகிறவருக்கு உணவு முழுமையாக அடைத்துக்கொண்டிருக்கிறது. அவர் அன்றே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டியவர்.

## தண்ணீர்ச் சோதனையும் அதன் எல்லையும்

படுக்கையருகே செய்யும் எளிய வடிகட்டல் ஒன்று உண்டு. விழிப்பாக, நிமிர்ந்து உட்காரக்கூடியவரிடம் 90 மி.லி. தண்ணீரைக் கொடுத்து, நிறுத்தாமல் குடிக்கச் சொல்வார்கள். இடையில் நின்றாலோ, இருமினாலோ, குடித்த பிறகு குரல் ஈரமாகக் களகளத்தாலோ அடுத்த கட்டப் பரிசோதனை தேவை. இது ஆபத்தானவர்களை நன்றாகவே பிடிக்கும். கூடவே ஆபத்தில்லாத பலரையும் பிடித்துவிடும். ஆகவே இதில் தோற்றார் என்பதற்காக மட்டும் ஒருவருக்கு வாய்வழி உணவை நிரந்தரமாக நிறுத்துவது தவறு. சின்ன ஸ்பூனில் இரண்டு மிடறு கொடுத்து "இருமவில்லை, பரவாயில்லை" என்று முடிப்பது அதைவிடப் பெரிய தவறு. மௌன ஆஸ்பிரேஷனை அது காட்டாது.

## வீடியோ எக்ஸ்ரேயா, மூக்குவழிக் கேமராவா

உண்மையில் என்ன நடக்கிறது என்று பார்க்க இரண்டு பரிசோதனைகள் உள்ளன.

முதலாவது, எக்ஸ்ரேயில் வெண்மையாகத் தெரியும் பேரியம் கலந்த உணவையும் நீரையும் விழுங்கவைத்துப் பக்கவாட்டில் எக்ஸ்ரே வீடியோ எடுப்பது. வாய் முதல் உணவுக்குழாய் வரை முழுப் பயணமும் தெரியும். நொடிக்கு 30 படம் தேவை. கதிர்வீச்சைக் குறைப்பதாக எண்ணி வேகத்தைக் குறைத்தால், ஒரு நொடிக்குள் முடியும் நிகழ்ச்சியில் ஆஸ்பிரேஷன் நேரும் அந்தக் கணமே நழுவிப்போகும்.

இரண்டாவது, மெல்லிய வளையும் கேமராவை மூக்கு வழியாக விட்டு, வண்ணம் கலந்த உணவைச் சாப்பிடச் சொல்லி மேலிருந்து பார்ப்பது. 1988-இல் சூசன் லாங்மோரும் உடன் பணியாற்றியவர்களும் முறைப்படுத்தியது இது. கதிர்வீச்சு இல்லை, படுக்கையிலேயே செய்யலாம், வழக்கமான உணவையே கொடுக்கலாம், குரல்நாண் அசைவையும் எச்சில் தேக்கத்தையும் நேரில் காணலாம். குறை ஒன்று: விழுங்கும் உச்சக் கணத்தில் தொண்டைச் சுவர் கேமராவின் மேல் மூடிக்கொள்வதால் திரை வெளுத்துவிடும். அந்த அரை நொடியில் நடந்ததை, பிறகு குரல்நாணுக்குக் கீழே தெரியும் வண்ணத்தை வைத்து ஊகிக்கத்தான் முடியும்.

"ஆஸ்பிரேஷன் உண்டு" என்ற ஒற்றை வரியோடு வரும் அறிக்கையால் சிகிச்சைக்கு எந்தப் பயனும் இல்லை. கேட்க வேண்டியது: எப்போது, ஏன்?

1. விழுங்கத் தொடங்கும் முன்பே: நாக்கின் பிடி தளர்ந்தோ அனிச்சை தாமதமாகியோ திரவம் திறந்த குரல்வளைக்குள் வழிகிறது.
2. விழுங்கும்போதே: குரல்நாண்கள் சரியாக மூடவில்லை. ஒரு பக்க நாண் செயலிழந்தால் இப்படி ஆகும்.
3. விழுங்கிய பிறகு: தள்ளும் வலுவில்லாமல் தொண்டையின் பள்ளங்களில் தங்கிய மிச்சம், மூச்சு இழுக்கும்போது உள்ளே சரிகிறது.

மூன்றுக்கும் மருந்து வேறு. முதல் வகைக்குக் கெட்டியாக்கிய திரவம் பலன் தரும். அதே கெட்டித் திரவம் மூன்றாம் வகையினருக்குக் கூடுதல் மிச்சத்தை விட்டுவைத்து நிலைமையைக் கெடுக்கும். புரையேறும் எல்லோருக்கும் கெட்டிப்பொடி எழுதிக் கொடுக்கும் பழக்கம் இந்த இடத்தில்தான் பிசகுகிறது.

## உணவுக்குழாயில் சிக்கல் என்றால்

முதலில் எண்டோஸ்கோப்பி. பார்வைக்கு எல்லாம் சரியாக இருந்தாலும் சுவரிலிருந்து குறைந்தது 6 சிறு திசுத் துண்டுகளை வெவ்வேறு உயரங்களில் எடுக்க வேண்டும். நுண்ணோக்கியின் உயர் பார்வைப்புலம் ஒன்றில் 15 அல்லது அதற்கு மேல் இயோசினோபில் செல்கள் இருந்தால் அது ஒவ்வாமை சார்ந்த அழற்சியைச் சுட்டும். விழுங்கும் ஸ்டீராய்டு, அமிலக் குறைப்பு மாத்திரை, குறிப்பிட்ட உணவை விலக்குதல் என்று சிகிச்சை போகும். துண்டு எடுக்காத எண்டோஸ்கோப்பி இந்த நோயைத் தவறவிடும்.

எண்டோஸ்கோப்பியில் விடை கிடைக்காவிட்டால் உயர் துல்லிய மானோமெட்ரி. அழுத்த உணரிகள் நிறைந்த குழாயை மூக்கு வழியாக இரைப்பைவரை விட்டு, தண்ணீரைச் சிறு மிடறுகளாகக் கொடுத்துச் சுருக்க அலையை அளப்பார்கள். கீழ்வாய்த் தசை தளராமல், ஒழுங்கான அலையும் இல்லாமல் போனால் அது அகலேசியா. அதற்கு மூன்று வழிகள்: 30 மி.மீ. முதல் 40 மி.மீ. வரை விட்டமுள்ள பலூனால் விரித்தல், லேப்ராஸ்கோப்பியில் தசையை வெட்டும் ஹெல்லர் அறுவை, வாய்வழி எண்டோஸ்கோப்பியிலேயே தசையை வெட்டும் போயம். போயம் முறையை மனிதர்களிடம் நிலைநிறுத்தியவர் ஜப்பானின் ஹருஹிரோ இனோவே. அகலேசியாவின் மூன்று வகைகளில், வலிப்புச் சுருக்கம் மிகுந்த மூன்றாம் வகைக்கு, வெட்டின் நீளத்தைத் தேவைக்கேற்பக் கூட்டிக்கொள்ள முடியும் என்பதால் போயம் பொருத்தமானது. பின்னாளில் அமில எதுக்களிப்பு வரும் வாய்ப்பு இதில் அதிகம் என்பதையும் நோயாளிக்கு முன்பே சொல்லிவிட வேண்டும்.

வடுவால் குறுகிய குழாயைப் படிப்படியாக விரிப்பார்கள். விரிப்பான் இறுக ஆரம்பித்த பிறகு ஒரே அமர்வில் 1 மி.மீ. வீதம் மூன்று படிக்கு மேல் போவதில்லை என்பது பழைய எச்சரிக்கை விதி. அவசரப்பட்டால் குழாய் கிழியும்.

## விழுங்கும் கோளாறுக்கான சிகிச்சை

### உணவின் பக்குவம்

கெட்டித்தன்மையை 0 முதல் 7 வரை எண்ணிடும் சர்வதேச அளவுகோல் ஒன்று உண்டு, ஐ.டி.டி.எஸ்.ஐ. என்று பெயர். அதைச் சோதிக்கத் தேவையானது ஒரு 10 மி.லி. சிரிஞ்சும் கடிகாரமும். 0 கோட்டிலிருந்து 10 மி.லி. கோடுவரை 61.5 மி.மீ. நீளம் உள்ள சிரிஞ்சாக இருக்க வேண்டும். வேறு சிரிஞ்சில் முடிவு மாறும். உள்தண்டை எடுத்துவிட்டு, முனையை விரலால் அடைத்து, 10 மி.லி. வரை திரவத்தை ஊற்றி, விரலை எடுத்து, 10 நொடியில் மீண்டும் அடைக்க வேண்டும். மிஞ்சியது 1 மி.லி.க்குக் கீழே என்றால் நிலை 0. 1 முதல் 4 மி.லி. என்றால் நிலை 1. 4 முதல் 8 என்றால் நிலை 2. 8-க்கு மேல் என்றால் நிலை 3. சொட்டுக்கூட இறங்காவிட்டால் நிலை 4. அதை ஸ்பூனைச் சாய்த்துச் சோதிப்பார்கள். திட உணவில், நிலை 5-க்கு வயது வந்தோருக்குத் துகள் 4 மி.மீ. அகலத்துக்குள்ளும், நிலை 6-க்குத் துண்டு 1.5 செ.மீ.க்குள்ளும் இருக்க வேண்டும்.

கெட்டிப்பொடி இரு வகை. மாவுச்சத்துப் பொடி எச்சில் பட்டால் இளகும், வைத்திருந்தால் மேலும் கெட்டியாகும். சாந்தன் கோந்துப் பொடி நிலையாக நிற்கும். மாவுச்சத்துப் பொடி கலந்த பானத்தில் பாலிஎதிலீன் கிளைக்கால் மலமிளக்கியைக் கலந்தால் கெட்டித்தன்மை போய்த் தண்ணீராகிவிடும். இது கவனிக்காமல் விடப்படும் ஆபத்து. குறைப்பிரசவக் குழந்தைகளுக்குச் சாந்தன் பொடி தரக்கூடாது. குடல் அழற்சி ஏற்படலாம்.

கெட்டித் திரவத்தை யாரும் விரும்பிக் குடிப்பதில்லை. அதனால் நீரிழப்பும் சிறுநீர்த் தொற்றும் மலச்சிக்கலும் வருகின்றன. ஆஸ்பிரேஷனைக் காட்சியில் குறைப்பது உண்மை, நிமோனியாவை அதே அளவு தடுக்கிறது என்பதற்குச் சான்று வலுவில்லை. எனவே தொடங்கும்போதே எப்போது மறுபரிசோதனை என்று குறித்துவிட வேண்டும்.

### நிலை, பயிற்சி

1. தாடையை நெஞ்சை நோக்கித் தாழ்த்தி விழுங்குதல்: விழுங்கும் முன்பே திரவம் வழிகிறவர்களுக்கு.
2. தலையைப் பலவீனமான பக்கம் திருப்புதல்: அந்தப் பக்கப் பள்ளம் அடைபட்டு, உணவு வலுவான பக்கமாக இறங்கும். நல்ல பக்கம் திருப்புவது அடிக்கடி நடக்கும் பிழை.
3. மூச்சைப் பிடித்து, விழுங்கி, மூச்சு இழுக்கும் முன்பே இருமி, மீண்டும் விழுங்குதல்: குரல்நாண் மூடாதவர்களுக்கு.
4. ஷேக்கர் பயிற்சி: மல்லாந்து படுத்து, தோள் தரையிலிருக்க, கால்விரல்களைப் பார்க்கும்படி தலையை மட்டும் உயர்த்தி 1 நிமிடம் பிடித்து, 1 நிமிடம் ஓய்வெடுத்து, இப்படி மூன்று முறை, பிறகு 30 முறை பிடிக்காமல் உயர்த்தி இறக்குதல். நாளுக்கு மூன்று வேளை, 6 வாரம். மேல்வாய்த் தசை திறப்பதை இது மேம்படுத்தும். கழுத்தெலும்புத் தேய்வு உள்ளவர்களுக்கு ஆகாது.

இவற்றில் எது என்று வீடியோவில் சோதித்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். அச்சடித்த தாளில் உள்ள எல்லாவற்றையும் ஒரே நோயாளிக்குக் கொடுப்பது சிகிச்சையாகாது.

### வாய்ச் சுத்தம்

ஆஸ்பிரேஷன் நடக்கும் எல்லோருக்கும் நிமோனியா வருவதில்லை. பிறர் ஊட்ட வேண்டிய நிலை, சொத்தைப் பற்கள், அழுக்கான வாய், குழாய்வழி உணவு, புகைப்பழக்கம் ஆகியவைதான் ஆபத்தைக் கூட்டுகின்றன. உள்ளே இறங்கும் நீரைவிட, அது சுமந்து செல்லும் வாய்க் கிருமிகளே நுரையீரலைக் கெடுக்கின்றன. ஒவ்வொரு வேளைக்குப் பிறகும் பல், நாக்கு, பல்செட் மூன்றையும் துலக்குவது இந்தப் பட்டியலிலேயே மலிவான, அதிகம் புறக்கணிக்கப்படும் சிகிச்சை. மூக்குவழிக் குழாயோ வயிற்றில் துளையிட்ட குழாயோ எச்சில் ஆஸ்பிரேஷனையும் எதுக்களிப்பையும் தடுப்பதில்லை. முற்றிய மறதிநோயில் குழாய் ஆயுளை நீட்டுவதாகவும் நிறுவப்படவில்லை.

மாத்திரையைப் பொடித்துக் கொடுக்கும் முன் மருந்தாளரைக் கேட்பது அவசியம். மெதுவாகக் கரையும்படி செய்த மாத்திரையைப் பொடித்தால் ஒரு நாள் மருந்து ஒரே மணியில் உடலில் சேரும்.

## எட்டு வாரம் தாண்டிய இருமல்: எதை முதலில் பார்ப்பது

வயது வந்தோருக்கு 3 வாரத்துக்குள் இருப்பது திடீர் இருமல். 8 வாரம் வரை இடைநிலை. அதற்கு மேல் நாள்பட்டது. குழந்தைகளுக்கு 4 வாரமே எல்லை. அவர்களுக்கு ஈர இருமல் என்றால் மூச்சுக்குழாய்க் கிருமித்தொற்றையும், திடீரென ஒரு நாள் தொடங்கியது என்றால் உள்ளே போன பொருளையும் தேட வேண்டும்.

1. மருந்துச் சீட்டைப் பார்த்தல். ராமிபிரில், எனலாபிரில், லிசினோபிரில் போன்ற ரத்த அழுத்த மாத்திரைகள் வறட்டு இருமலைத் தரும்; தொடங்கி மாதங்கள் கழித்தும் வரலாம். தானாக நிறுத்தாமல், மருத்துவரிடம் சொல்லி லோசார்ட்டான், டெல்மிசார்ட்டான் வகைக்கு மாற்ற வேண்டும். பெரும்பாலோருக்கு 4 வாரத்துக்குள் அடங்கும், சிலருக்கு மூன்று மாதம் பிடிக்கும். இரண்டு வாரத்தில் "பலனில்லை" என்று தீர்ப்பெழுதக் கூடாது.
2. புகையை நிறுத்துதல், மார்பு எக்ஸ்ரே. காசநோய் பரவலான இடங்களில் சளிப் பரிசோதனை 2 வாரத்திலேயே தேவை. 8 வாரம் காத்திருப்பது பிழை.
3. ஸ்பைரோமெட்ரி (மூச்சை ஊதவைத்து அளக்கும் சோதனை), மூச்சுக்குழாய் விரிப்பு மருந்துக்கு முன்னும் பின்னும். ஒரு நொடியில் ஊதும் அளவு 12 சதவீதமும் 200 மி.லி.யும் கூடினால் ஆஸ்துமாவுக்கு வலு. சாதாரணமாக வந்தால் ஆஸ்துமா இல்லை என்று ஆகாது. மெத்தகோலின் மருந்தை உறிஞ்சவைத்து மூச்சுக்குழாய் சுருங்குகிறதா என்று பார்க்கும் தூண்டல் சோதனை இருக்கிறது.
4. மூச்சில் நைட்ரிக் ஆக்சைடையும் ரத்தத்தில் இயோசினோபிலையும் அளத்தல். ஸ்பைரோமெட்ரியும் எக்ஸ்ரேயும் சரியாக இருந்து, சளியில் இயோசினோபில் 3 சதவீதத்துக்கு மேல் போனால் அது ஆஸ்துமா அல்லாத இயோசினோபில் அழற்சி. உறிஞ்சும் ஸ்டீராய்டுக்கு நன்றாகக் கேட்கும். சோதிக்க வசதியில்லாத இடத்தில் 4 வாரம் கொடுத்துப் பார்ப்பார்கள்.
5. மூக்கு. பின்புறம் சளி வடிவது, மூக்கடைப்பு இருந்தால் ஸ்டீராய்டு ஸ்ப்ரே. முனையை நடுச்சுவரை நோக்கி அல்ல, காதின் பக்கம் சாய்த்து அடிக்க வேண்டும். இல்லாவிட்டால் ரத்தம் கசியும், மருந்தும் சேர வேண்டிய இடத்துக்குச் சேராது.

இவற்றில் ஒரே நேரத்தில் மூன்றைத் தொடங்கினால் எது வேலை செய்தது என்று தெரியாமல் மூன்றையும் ஆயுள் முழுக்க எடுக்க நேரும். ஒவ்வொன்றாகத் தொடங்கி, கெடு வைத்து, பலனில்லாததை நிறுத்த வேண்டும். பாதி பலன் தந்ததை விடக்கூடாது. காரணங்கள் இரண்டு மூன்று சேர்ந்திருப்பது வழக்கம். இருமலின் தீவிரத்தை 0 முதல் 100 வரை நோயாளியே வாரம் ஒருமுறை குறித்துவந்தால் தீர்ப்பு எளிதாகும்.

### அமிலத்தின் மேல் போடப்படும் பழி

குரல்வளையைப் பார்த்து "பின்பக்கம் சிவந்திருக்கிறது, அமிலம்தான்" என்று சொல்வது அடிக்கடி கேட்கும் வாக்கியம். அந்தச் சிவப்பு நோயில்லாதவர்களிடமும் தெரியும். நெஞ்செரிச்சலோ புளித்த எதுக்களிப்போ இல்லாத இருமலுக்கு ஒமெப்ரசோல் வகை மாத்திரை மட்டும் கொடுத்துப் பலன் எதிர்பார்ப்பதற்குச் சான்று இல்லை. அறிகுறி உள்ளவர்களுக்கு, சாப்பாட்டுக்கு 30 முதல் 60 நிமிடம் முன்னால், 8 முதல் 12 வாரம் கொடுத்துப் பார்க்கலாம். கூடவே எடைக் குறைப்பும், படுக்கைத் தலைமாட்டை உயர்த்துவதும், சாப்பிட்ட 3 மணி நேரத்துக்குப் படுக்காமலிருப்பதும்.

கேட்காவிட்டால் மாத்திரை அளவைக் கூட்டுவதற்குப் பதில் அளந்து பார்ப்பதே சரி. மாத்திரையை நிறுத்திவிட்டு 24 மணி நேர அமில-மின்தடை அளவீடு (உணவுக்குழாயில் மெல்லிய உணரிக் குழாயை வைத்து, மேலேறும் அமிலத்தையும் திரவத்தையும் பதிவது) செய்து, குழாயில் அமிலம் நின்ற நேரம் 4 சதவீதத்துக்குள் இருந்தால் அது இயல்பு; 6 சதவீதத்துக்கு மேல் போனால் நோய்.

## எந்தக் காரணமும் கிடைக்காவிட்டால்

எல்லாம் பார்த்தாயிற்று, இருமல் நிற்கவில்லை. இதை மனப்பிரமை என்று தள்ளுவது அநியாயம். மூச்சுப்பாதையின் உணர்வு நரம்புகள் கூர்மையடைந்து, சாதாரணத் தூண்டலுக்கே இருமலைக் கிளப்பும் நிலை இது. வைரஸ் காய்ச்சலுக்குப் பிறகு தொடங்கியதாகச் சொல்பவர்கள் பலர். நடுவயதுப் பெண்களிடம் அதிகம்.

முதல் சிகிச்சை பேச்சுப் பயிற்சியாளரிடம், மூன்று நான்கு அமர்வு. உத்தி எளிது, நேரம்தான் முக்கியம்: தொண்டையில் கமறல் தோன்றும் அந்தக் கணத்தில், இருமல் கிளம்பும் முன்பே செய்ய வேண்டும். தோளைத் தளர்த்தி, மூக்கால் இரண்டு குட்டி மூச்சு மோந்து, உதட்டைக் குவித்து "ஃபூ" என்று மெதுவாக விட வேண்டும். அடங்கும்வரை தொடரலாம், இடையில் ஒரு மிடறு தண்ணீர். தொண்டையைச் செருமுவதை நிறுத்துவதும் சிகிச்சையின் பாதி. செருமல் குரல்நாண்களை மோதவிட்டு அடுத்த கமறலைத் தானே உருவாக்குகிறது.

போதாவிட்டால் நரம்பின் கூர்மையை மட்டுப்படுத்தும் மருந்துகள். அமிட்ரிப்டிலின் இரவில் 10 மி.கி.யில் தொடங்குவது; கபாபென்டினைச் சிறிது சிறிதாக ஏற்றுவது, ஆய்வில் உச்சம் நாளுக்கு 1800 மி.கி.; மெதுவாக வெளியாகும் மார்ஃபின் 5 மி.கி. இரு வேளை. தூக்கம், தலைச்சுற்றல், மலச்சிக்கல் எதிர்பார்க்க வேண்டியவை. சிறுநீரகக் கோளாறு இருந்தால் கபாபென்டின் அளவு குறையும். கழுத்தில் குரல்வளையின் மேல்நரம்பைச் சுற்றி மரப்பு மருந்தும் ஸ்டீராய்டும் ஊசியாகப் போடுவதும் சிலருக்குப் பலன் தருகிறது. மரத்திருக்கும் நேரத்தில் எதுவும் சாப்பிடக் கூடாது.

இருமலைத் தூண்டும் உணர்வு நரம்புகளில் உள்ள பி2எக்ஸ்3 என்ற ஏற்பியை அடைக்கும் ஜெஃபாபிக்ஸன்ட், இருமலுக்கென்றே உருவான மருந்து. ஜப்பான் 2022-இலும் ஐரோப்பிய ஒன்றியம் 2023-இலும் அனுமதித்தன. அதே 2023-இல் அமெரிக்க மருந்து ஒழுங்குமுறை அமைப்பான எஃப்.டி.ஏ. பலன் போதிய அளவில் நிறுவப்படவில்லை என்று மறுத்தது. 45 மி.கி. இரு வேளை எடுப்பவர்களில் பெரும்பாலோருக்கு நாவின் சுவை மாறிவிடுகிறது, நிறுத்தினால் திரும்பும்.

## இருமலைக் கூட்ட வேண்டிய இடம்

இருமலை அடக்கும் கோடீன், மார்ஃபின் வகைகளை எழுதும் முன் கேட்க வேண்டிய கேள்வி: இவருக்கு விழுங்குவதில் கோளாறு உண்டா? உண்டென்றால் அந்த இருமல் அவருடைய காவல். அதை அடக்கினால் நிமோனியாவுக்கு வழி திறக்கும். ராமிபிரில் வகை மாத்திரை இங்கே வினோதமாக மாறிப்போகிறது: ஒருவருக்கு இருமல் தொல்லை தரும் அதே மருந்து, பக்கவாதம் வந்த ஆசிய நோயாளிகளிடம் நடந்த சில ஆய்வுகளில் நிமோனியாவைக் குறைப்பதோடு தொடர்பு காட்டியது. இருமல் அனிச்சையைத் தூண்டும் சப்ஸ்டன்ஸ் பி உடலில் சிதையாமல் சேர்வதே அதற்கு விளக்கமாகச் சொல்லப்படுகிறது.

பார்க்கின்சன், தசைநரம்பு நோய்களில் இருமலின் வலுவையே அளக்கிறார்கள். முகமூடியோடு இணைத்த ஊதுமானியில் இருமச் சொல்லி, உச்ச வேகம் நிமிடத்துக்கு 270 லிட்டருக்குக் கீழே போனால் சளித்தொற்றின்போது ஆபத்து, 160-க்குக் கீழே போனால் சளியை வெளியேற்றவே முடியாது என்று கணக்கிடுகிறார்கள். பார்க்கின்சனில் இதற்குப் பயன்படும் பயிற்சிக் கருவி, எதிர்விசை வால்வு பொருத்திய சிறு குழாய். ஒருவர் ஊதக்கூடிய உச்ச அழுத்தத்தில் 75 சதவீதத்துக்கு வால்வைத் திருகி, 5 ஊதல் கொண்ட 5 சுற்று, வாரம் 5 நாள், குறைந்தது 4 வாரம். மூக்கை அடைத்து, கன்னத்தைக் கையால் அழுத்திப் பிடித்து ஊத வேண்டும். கன்னம் உப்பினால் வேலை செய்தது கன்னம்தான், வயிற்றுத் தசை அல்ல. வாரம் ஒருமுறை உச்ச அழுத்தத்தை மறுபடி அளந்து வால்வைத் திருத்த வேண்டும். கட்டுப்படாத ரத்த அழுத்தம், அண்மைப் பக்கவாதம், கர்ப்பம், குடலிறக்கம் உள்ளவர்களுக்கு இந்தக் கருவி ஆகாது.